அவருக்கு வெள்ளை, எனக்குச் சிவப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே சண்டை. மதியம் வண்டியை ஒப்படைத்துவிட்டு மாடியேறி, கைகால் கழுவிச் சாப்பிட உட்காருகிறேன், கீழேயிருந்து ஹாரன். பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தால் அவர் இடப்பக்கக் கண்ணாடியைக் காட்டிக் கையை விரிக்கிறார். "என்னத்த வச்சிருக்க? ஒண்ணுமே தெரியல!"

நான் சரியாகத்தான் வைத்தேன். வெள்ளைப் புள்ளிக்கு நேராக, மயிரிழை பிசகாமல்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாடகைக் கார். காலையில் நான் ஓட்டுவேன், மதியத்துக்கு மேல் அவர். கட்டின புருஷனைக் கொக்கு என்று கூப்பிடுகிற பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் அவர் உயரம் அப்படி. என் உயரத்துக்கு அவர் வைத்த பெயர் குட்டை. அவர் ஓட்டிய சீட்டில் அப்படியே நான் உட்கார்ந்தால் கிளட்ச் எட்டாது. என் சீட்டில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். ஆரம்பத்தில் ஏறுகிறவர் சீட்டைத் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, இறங்கிப் போனவரை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் கிளம்புவோம். அப்புறம் வந்ததுதான் இந்த ஏற்பாடு: இறங்குகிறவர் ஏறப்போகிறவருக்கு எல்லாவற்றையும் வைத்துவிட்டு இறங்க வேண்டும். சீட், ஸ்டியரிங்கின் உயரம், மூன்று கண்ணாடிகள். எங்கே நிறுத்துவது என்று தெரிவதற்காக மகளின் நகப்பூச்சை எடுத்து எல்லாவற்றிலும் புள்ளி வைத்தார். அவருக்கு வெள்ளை, எனக்குச் சிவப்பு. "உன் குணத்துக்கு ஏத்த கலரு" என்றார்.

அந்தப் புள்ளியில்தான் வைத்தேன். பின்னே எப்படித் தெரியாமல் போகும்?

மார்ச் 11, செவ்வாய்

மகள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள், அதே உயரம். கல்லூரிக்குக் கிளம்பியவளைப் பிடித்து வெள்ளைப் புள்ளியில் சீட்டை வைத்து உட்காரச் சொன்னேன். "நம்ம கதவு ஓரமாக் கொஞ்சூண்டு தெரியுது. மிச்சமெல்லாம் ரோடு. நல்லாத்தானேம்மா இருக்கு?"

அதைத்தான் அவரும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: உன் வண்டி கொஞ்சூண்டு தெரிந்தால் போதும், அது உனக்குத் தெரியாததா, தெரிய வேண்டியது ரோடு.

அவரிடம் சொன்னேன். "நின்ன வண்டியில எல்லாந்தான் தெரியும். ஓட்டிப் பாக்கச் சொல்லு உன் பொண்ண" என்றார். கோபம் வந்தால் மட்டும் என் பொண்ணு.

மார்ச் 19, புதன்

மெக்கானிக்கிடம் போனோம். கண்ணாடியின் மூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது கல்லு மாதிரி இருக்கு. இதுல என்ன குத்தம்?" என்றார். இவர் விடவில்லை. ஓடும்போது தளர்ந்து உள்பக்கம் திரும்பிக்கொள்கிறதாம். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது; இத்தனை வருஷம் ஓட்டுகிறவருக்குத் தெரியாதா? இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனிதரை வாயடைத்து மூட்டை மாற்றவைத்தோம்.

ஏப்ரல் 2, புதன்

மூட்டு புதுசு. புகார் பழசு.

ஏப்ரல் 25, வெள்ளி

பின்பக்க இடது கதவில் நீளமாக ஒரு கீறல். நிறுத்தியிருந்த இடத்தில் யாரோ உரசிவிட்டுப் போயிருப்பார்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் எதிர்வீட்டு ஸ்கூட்டர்காரரைப் பிடித்து நாலு கேள்வி கேட்டுவிட்டேன். பாவம், அவர் வண்டி ஒரு வாரமாகப் பழுதுபார்க்கும் கடையில் கிடக்கிறதாம். அசடு வழியத் திரும்பி வந்தேன்.

சாப்பிடும்போது இவர் இடது கைப்பக்கம் இருந்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிக் கவிழ்த்துவிட்டார். இந்த வாரத்தில் எத்தனையாவது தடவையோ. "கொக்குக்குத் தண்ணியப் பாத்தா கால் பரபரங்குது" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார்.

மே 10, சனி

சண்டைக்கு ஒரு முடிவு கட்டியாகிவிட்டது. இடக் கண்ணாடியின் மூலையில் ஒட்டுகிற மாதிரி ஒரு வட்டக் கண்ணாடி விற்கிறார்கள், சின்னது, குமிழாக இருக்கும். அதில் தெரு மொத்தமும் அடங்கிவிடுகிறது. வாங்கி ஒட்டிக் கொடுத்தேன். ஓட்டிவிட்டு வந்து, "இப்பத்தான் குட்ட, எல்லாம் தெரியுது" என்று தலையில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

எழுத வரவில்லை. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டார். இடதுபக்கம் திரும்பும்போது. பெரிய அடி இல்லை — முழங்கை சிராய்ப்பு, கணுக்கால் சுளுக்கு. அவரே நொண்டியபடி இவரைக் கூட்டிக்கொண்டு வீடுவரை வந்தார். நல்ல மனுஷன். வேறு யாராவதாக இருந்தால் தெருவில் வைத்தே சட்டையைப் பிடித்திருப்பார்கள். வாசலில் நின்று என்னிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "நான் ரொம்ப நேரமா அண்ணன் பக்கத்துலயேதாங்க வந்தேன். மணியடிச்சேன். அண்ணன் என்னைப் பாக்கவே இல்லீங்க."

அவர் போனபிறகு இவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணாடில பாத்தேம்மா. சத்தியமா ஆளே இல்ல."

ஆளே இல்லையாம். ஆள் இருந்திருக்கிறாரே! புது மூட்டு, புது வட்டக் கண்ணாடி, புள்ளியில வச்ச சீட்டு. எல்லாமே சரியா இருக்கே. அப்ப எதுதான் சரியில்ல?

ஜூன் 6, வெள்ளி

பார்த்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

காலையில் அவரை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, "கண்ணாடியைச் சரிபார்க்கணும், நேரா ரோட்டையே பாருங்க" என்றேன். வண்டிக்கு இடதுபுறம், அவர் தோளுக்கு நேராக நின்றுகொண்டு, துடைக்கிற மஞ்சள் துணியை ஆட்டினேன்.

"தெரியுதா?"

"ம், ஆட்டு."

ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஓரடி முன்னால் வந்தேன். இன்னும் ஓரடி. "எப்ப ஆட்டப்போற?" என்றார். பானட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான், "ஆங், இப்ப தெரியுது. எங்கேருந்து குதிச்ச?" என்று சிரித்தார்.

சிரிச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தார். அப்புறம் சிரிக்கல.

ஜூன் 9, திங்கள்

கண் டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். "கண்ணுக்குள்ள பிரஷர் ஏறியிருக்கு. ரொம்ப நாளா ஏறியிருக்கு. இது ஓரத்துலேருந்து பார்வையைத் தின்னுகிட்டே வரும். வலி இருக்காது, அதனால ஆளுக்கே தெரியாது. இடது கண்ணுல பாதிக்கு மேல போயிடுச்சு. வலதுலயும் ஆரம்பிச்சிருக்கு."

"வைத்தியம் பாத்தா வந்துடுமா?" என்றேன்.

"போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம். சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது."

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வண்டி ஓட்டலாமா?" டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்துச் சீட்டில், முழங்கால் முன்னால் இடிக்க, குறுகி உட்கார்ந்திருந்தார். சீட்டைப் பின்னால் தள்ள எந்தப் பக்கம் பிடி இருக்கிறது என்று குனிந்து தேடினார். அந்தச் சீட்டில் நாங்கள் புள்ளி வைக்கவே இல்லை. எங்கள் இரண்டு பேரில் யாராவது அதில் உட்கார்வதே அபூர்வம்.

ஜூன் 10, செவ்வாய்

கண்ணாடி மூட்டை மாத்துனோமே. மூட்டை!

ஜூலை 1, செவ்வாய்

முழு நாளும் நானே ஓட்டுகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. மகள், "லைசென்ஸ் எடுத்துட்டு நான் வரேம்மா" என்றாள். முதலில் படிப்பை முடி என்று வாயை அடைத்தேன்.

அவர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. சொம்பை இப்போது வலதுபக்கம் வைக்கிறோம்.

ஜூலை 20, ஞாயிறு

சாயங்காலம் நான் வந்ததும் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே போகிறார். ஒன்றும் கேட்க எனக்குத் துணிவில்லை. இன்று பால்கனியிலிருந்து பார்த்தேன். ஓட்டுநர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, ஸ்டியரிங்கை உயர்த்தி, ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது. ஒரு கை ஸ்டியரிங்கின் மேலே, எப்போதும் போல.

இறங்கும்போது சீட்டை முன்னால் இழுத்தார். ஸ்டியரிங்கை இறக்கினார். என் முதுகுக்கு வைக்கிற தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்தார். குனிந்து, விரலால் தடவிப் பார்த்து, சீட்டைச் சிவப்புப் புள்ளிக்கு நேராக வைத்தார். கண்ணாடிகளைத் துடைத்து, ஒவ்வொன்றாக எனக்காகத் திருப்பினார். அப்புறம் மாடியேறி வந்து சாவியை நீட்டினார். "வண்டி ரெடி."

இத்தனை வருஷமாக ஒப்படைக்கும்போது சொல்கிற அதே வார்த்தை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் கிளம்பினால் இடக் கண்ணாடியில் வானமும் மின்கம்பியும் தெரிகின்றன. புள்ளி இருக்கும் இடம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சரியா இருக்கா?" என்று மேலிருந்து கேட்டார்.

"பிரமாதம்" என்றேன்.

மருந்துக்கடை முனை திரும்பி, வீடு மறைந்தபிறகு நிறுத்திச் சரிசெய்துகொண்டேன்.

முன்பெல்லாம் கண்ணாடி ஒரு நூல் தள்ளியிருந்தால் ஊரைக் கூட்டுவேன். வாய்தான் எனக்கு ஜாஸ்தி என்று அவரே சொல்வார்.

ஆகஸ்ட் 30, சனி

இன்று கண்ணாடியில் வானம் இல்லை. எங்கள் கதவு மட்டும், கைப்பிடி முதற்கொண்டு. மருந்துக்கடை முனை.

செப்டம்பர் 17, புதன்

மருந்துக்கடைக்காரர், "தினமும் இங்க நிறுத்துறீங்களே, வண்டியில ஏதும் கோளாறா?" என்று கேட்டார். ஆமாம், ஒரு சின்னக் கோளாறு, பழகிவிட்டது என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாள். கிளம்பும் முன் எனக்காக எல்லாவற்றையும் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரை வைத்துக்கொண்டு மருந்துக்கடை முனையில் எப்படி நிறுத்துவது? நிறுத்தவில்லை. இடக் கண்ணாடி முழுக்க எங்கள் கதவுதான். இடதுபக்கம் ஒதுங்கும்போதெல்லாம் தலையைத் திருப்பி, எட்டிப் பார்த்து, ஹாரன் அடித்து ஓட்டினேன்.

"ஏன் திரும்பித் திரும்பிப் பாக்கற?"

"கழுத்துல பிடிப்புங்க."

"பிடிப்புன்னா திரும்பவா முடியும்?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, கண்ணாடியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு கையை உள்ளே எடுத்து ஜன்னலை ஏற்றிவிட்டார்.

டாக்டரம்மா இடது கண்ணில் பார்வை இன்னும் சுருங்கியிருக்கிறது என்றார். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

அவரை வீட்டில் இறக்கிவிட்டு மதியச் சவாரிக்குப் போகும்போதுதான் கண்ணாடியைச் சரியாக வைத்தேன். சாயங்காலம் அவர் சாவி கேட்கவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 15, புதன்

காலையில் பால்கனிக்கும் வரவில்லை. படுக்கையிலிருந்தே, "ஜாக்கிரதையாப் போயிட்டு வா" என்றார்.

மருந்துக்கடை முனையில் கால் தானாக பிரேக்கை மிதித்தது. ஜன்னலை இறக்கச் சாய்ந்தவள் அப்படியே இருந்துவிட்டேன். ஓரமாகக் கொஞ்சூண்டு கதவு, மிச்சமெல்லாம் ரோடு. நேற்று நான் வைத்தது வைத்தபடி. யாரும் தொடவில்லை. சீட் நான் விட்ட இடத்தில், ஸ்டியரிங் நான் விட்ட உயரத்தில். பின்னால் வந்த வண்டிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். எனக்கு நகர மனசே வரவில்லை.

தெரிஞ்சுபோச்சு அவருக்கு. இத்தனை நாளா நான் இங்க நிறுத்தினதும் தெரிஞ்சிருக்கும். என் மேல கோபமா? கோபமா இருந்தாத் திட்டக் கூடாதா? ஒரு வார்த்தை திட்டக் கூடாதா?

சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தியதும் இறங்கவில்லை. சீட்டை வெள்ளைப் புள்ளிவரை தள்ளினேன். ஸ்டியரிங்கை உயர்த்தினேன். மூன்று கண்ணாடிகளையும் துடைத்து அவர் உயரத்துக்கு வைத்தேன். மாடியேறிப் போய்ச் சாவியை அவர் கையில் கொடுத்து, "வண்டி ரெடிங்க" என்றேன்.

சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், ஆணியைத் தேடிப் பிடித்து அதில் மாட்டினார். வந்து, என் கழுத்தில் கை வைத்து, "பிடிப்பு விட்டுச்சா குட்ட?" என்று கேட்டார்.

விட்டுவிட்டது என்றேன்.

சீட் பின்னால்தான் இருக்கிறது. நாளைக் காலையில் நானே இழுத்துக்கொள்ள வேண்டும்.