அப்பா குறித்த பன்னிரண்டாயிரம் படங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். கை நடுக்கம் என்று அவளிடம் சொன்னேன், அது பொய். முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. நீ போனை எடுப்பதில்லை என்று அம்மாவுக்கு வருத்தம்.

உன் ஆய்வுக் கட்டுரை தவறென்று திரும்பப் பெற்றதையும், ஆய்வு மையத்தில் உன் வேலையை நீட்டிக்காததையும் அண்ணன் சொன்னான். கணினி புரோகிராமில் எங்கேயோ பிழை என்று பதினோரு வாரமாக வரிவரியாகத் தேடுகிறாயாமே. பாதி ஆளாகிவிட்டாய் என்றான்.

புரோகிராமில் பிழை இல்லையம்மா. பிழை நான்.

மூன்று வருடத்துக்கு முன் கேலக்ஸிகள் என்று நட்சத்திரக் கூட்டங்களின் படங்களைக் காட்டி, நடுவிலிருந்து சுழன்று நீளும் சுருள் கைகள் இருக்கின்றனவா இல்லையா என்று மட்டும் குறிக்கச் சொன்னாய். மனிதர்கள் குறித்ததைப் பார்த்துக் கணினி பழகிக்கொள்ளும், பிறகு லட்சக்கணக்கில் தானே பிரித்துவிடும் என்றாய். "முப்பது வருஷம் எக்ஸ்ரே படம் பாத்த கண்ணுப்பா, உங்கள விட்டா யாரு?" என்றாய். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வு பெற்றபின் என்னிடம் யாரும் எந்தப் படத்தையும் நீட்டியதில்லை.

முதல் நாலாயிரம் ஒழுங்காகத்தான் பார்த்தேன். பிறகு பார்வையின் நடுவில் ஒரு மங்கல். இரண்டு கண்ணும் போய்விடும், மருந்து கிடையாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. வேலையை விடவும் மனம் வரவில்லை. மங்கலாகத் தெரிந்ததற்கெல்லாம் 'கைகள் இல்லை' என்று குறித்தேன். அப்படியே எட்டாயிரம்.

அதே படங்களைப் பார்த்த வேறு இருவர் குறித்தது என்னுடையதோடு ஒத்துப்போகாதபோது, "அப்பா பாத்ததுதான் சரி" என்று எனக்காகச் சண்டை போட்டாய். தொலைவில் உள்ளவைதான் மங்கலாகத் தெரியும் என்று நீயே சொல்லியிருந்தாய். தொலைதூரக் கேலக்ஸிகளுக்குக் கைகளே குறைவு என்று உன் கணினி கண்டுபிடித்ததாகப் போனில் நீ துள்ளியபோது, அது என் கண்ணின் மங்கல்தான் என்று எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

இந்த இடத்தில் அம்மா பேனாவை வைத்துவிட்டாள். "அப்ப, என் மூஞ்சி தெரியாமத்தான் இத்தன நாளா பேசிட்டிருந்தீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போனாள். சமையலறையில் ரொம்ப நேரம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. இப்போது மறுபடி எழுதுகிறாள்.

போன வேலை இதனால் திரும்பாது என்று எனக்குத் தெரியும். வேறு இடங்களிலும் கேட்டுப் பார்த்துவிட்டாயாம். ஆனாலும் மருத்துவரின் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அதில் தேதி இருக்கிறது. அதற்குப் பிறகு நான் குறித்த எதையும் நம்ப வேண்டாம் என்று உன் பேராசிரியருக்கு எழுது. இனி தேடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை, கேட்க வாயும் இல்லை. மழைக்காலம் வரை ஓரப்பார்வை கொஞ்சம் தாங்கும். அதற்குள் ஒருமுறை வந்து போக முடியுமா?

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா

அம்மா எழுதுவது: இதை அவருக்குப் படித்துக் காட்ட மாட்டேன். மழைக்காலம் வரை என்பதும் பொய்தான். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தேன், தடவித்தான் வாங்கினார். பெயரை மேஜைவிரிப்பில் எழுதியிருக்கிறார். உடனே கிளம்பி வா, கண்ணு.