நம்பர் போட்ட கதவுகள்

2001 பிப்ரவரி 9
மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்று ஆரம்பம். காலையில் நாலாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு, மத்தியானம் படிவக்கட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக. பதினோரு வீடு முடிந்தது. காலில் கொப்புளம். புதுச் செருப்பு வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள், கேட்டேனா?

பிப்ரவரி 13
குப்பத்தின் கடைசி வரிசையைக் காணோம்.
போன ஜூனில் நானே வந்து ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெயிண்டில் வீட்டு நம்பர் எழுதினேன். 101 முதல் 123 வரை. இன்று அந்த இடத்தில் அலை அடிக்கிறது. டிசம்பரில் கடல் உள்ளே வந்துவிட்டதாம். இருபத்து மூன்று வீடு!
விசாரித்துக்கொண்டு கால்வாயைத் தாண்டிப் போனேன். அங்கே புதுசாய் ஓலைக் குடிசைகள். எல்லாவற்றிலும் பழைய மரக்கதவு, கதவில் என் கையெழுத்து. சுவரை விட்டுவிட்டுக் கதவைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். 114ஆம் நம்பர் பூவம்மா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெருமையாகவே சொன்னாள்:
"ஊடு பூட்ச்சு டீச்சர். கதவு கீது, நம்பர் கீது. கடல் வர்துன்னு குப்பத்துக்கே மாத்து மனை தர்றாங்களாம், நம்பர் கீற கதவுக்குத்தான்னு ஆபீஸ்ல சொல்லிகிறாங்க. வுட்டுட்டு வருவமா?"
ஆனால் கால்வாய்க்கு இந்தப் பக்கம் நகராட்சி, என் பகுதி. அந்தப் பக்கம் ஊராட்சி. அங்கே எண்ணுகிறவர் ஜெரின் சார்.

பிப்ரவரி 15
ஜெரின் சார் கையை விரித்துவிட்டார். "நம்பர் உங்களோடது டீச்சர். நான் எழுதினா ஒரே வீட்டை ரெண்டு தடவை எண்ணினதா எம்மேல வரும்."
மேற்பார்வையாளர் லோகநாதன் சாரிடம் போனேன். "உங்க எடத்துல வீடே இல்லையே ரமாபாய். காலின்னு போட்டு முடிங்க." தலையைக்கூட நிமிர்த்தவில்லை மனுஷர்.
ஆக, அவர்கள் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பூவம்மா கொடுத்த டீயைக் குடித்தேனே, அதுவும் இல்லையா?

பிப்ரவரி 16
காலி என்று போடவில்லை.

பிப்ரவரி 20
வியாசர்பாடியில் எங்கள் குடிசை எரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. கதவும் எரிந்துவிட்டது. பட்டியல் எடுக்க வந்தவர், "நம்பர் எங்கம்மா?" என்று கேட்டார். அம்மா சாம்பலைக் காட்டினாள். அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். எதிர் வரிசைக்கு மாடி வீடு கிடைத்தது. எங்களுக்கு ஒன்றுமில்லை.
அந்த ஆளை எத்தனை வருஷம் திட்டியிருப்பேன்! இப்போது அவர் வேலையை நான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 24
லோகநாதன் சார் கறாராகச் சொல்லிவிட்டார். "இருபத்தெட்டாம் தேதி நானே வரேன். நம்பர் போட்ட எடத்துல இருந்தா எழுதுங்க. இல்லன்னா காலி. வீணா மெமோ வாங்காதீங்க."
மெமோ வந்தால் இன்க்ரிமென்ட் போகும். பயமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று யாரிடம் நடிக்க?
பூவம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "அந்த எடத்துல இர்ந்தா போதுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி 28
வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.
கரையில், தண்ணீருக்கு நாலடி இந்தப் பக்கம், இருபத்து மூன்று கதவுகள் நின்றன. சுவர் இல்லை, கூரை இல்லை. மூங்கில் முட்டுக் கொடுத்து, வரிசை பிசகாமல், 101 முதல் 123 வரை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் மணலில் ஒரு குடும்பம். அடுப்பு, குடம், தொட்டில் எல்லாம் இருந்தது.
லோகநாதன் சார் அப்படியே நின்றுவிட்டார். சுற்றிக்கொண்டு போயிருக்கலாம், யார் தடுத்தது? ஆனால் 114க்கு நேரே போய்க் கதவைத் தட்டினார். பூவம்மா திறந்து, "வாங்க சார், உள்ள வாங்க" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. "இதை வீடுன்னு எழுத முடியாதும்மா. இன்னிக்கு ராத்திரி வீடில்லாதவங்களை எண்ணணும். எங்க இருக்காங்களோ அங்கயே எழுதலாம். அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். ஆளு ஒருத்தர்கூட விடுபட மாட்டாங்க. வீட்டு நம்பர் மட்டும் வராது."
வேறு வழி இருந்ததா? இருட்டியதும் விளக்கு வெளிச்சத்தில் எழுதி முடித்தேன். நூற்றொன்பது பேர். நம்பர் எழுத வேண்டிய கட்டங்களில் ஒன்றும் இல்லை.
கதவைத் தலையில் தூக்கும்போது பூவம்மா கேட்டாள்: "நம்பரு அப்பிடியேதான டீச்சர்?"
தலையாட்டினேன்.
என்னையே கேட்கிறேன்: ஏன் ஆட்டினே? வாயில இன்னா கொழுக்கட்டையா?

மார்ச் 6
படிவங்களை ஒப்படைத்தாயிற்று. 'விடுபட்டவர்கள்: இல்லை.' லோகநாதன் சார் எல்லார் முன்னாலும் பாராட்டினார். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

ஜூன் 11
பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றும் குப்பத்துப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 17
மாற்று மனைப் பட்டியலைக் காலையில் ஒட்டியிருந்தார்கள். முழுக்கப் படித்தேன், இரண்டு தடவை. வீட்டு நம்பர் நூறோடு நிற்கிறது.
வேறு யாராவது சொல்வதற்குள் நான் சொல்ல வேண்டும் என்று நேரே கால்வாயைத் தாண்டினேன். பூவம்மா கதவுக்கு நீலப் பெயிண்டு அடித்து வைத்திருந்தாள், 114ஐச் சுற்றி ஒரு சதுரம் விட்டு. "நம்பர் மேல பட்டுடாம பாத்துகினேன் டீச்சர், நல்லா கீதா?"
எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டியதையும் சொன்னேன்.
திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. உள்ளே போய் மிச்சப் பெயிண்டை எடுத்து வந்து அந்தச் சதுரத்தின் மேல் அடித்தாள். காயும்வரை நின்று இன்னொரு தடவை அடித்தாள். அப்படியும் சிவப்பு லேசாகத் தெரிகிறது.