அழுத்தாத குண்டூசிகள்

செவ்வாய்க்கிழமை, இரவு

என்னங்க, இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னிச்சிடுங்க. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். ராணுவ முகாமில் இந்த நேரத்தில் நீங்கள் போன் எடுக்க முடியாது. அதனால் இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவைப்பேன், போன் கையில் கிடைக்கும்போது பாருங்க.

ஸ்ரீவில்லிபுத்தூரில் லேஸ் வகுப்பு முடிந்து பஸ் ஏறினேன். மடியில் பாப்பா. பக்கத்து சீட்டில், ஸ்பெயின் முறையில் லேஸ் பின்னும் அந்த நீளத் தலையணை, துணி சுற்றி. கிளம்புமுன் அதில் தொங்கும் நூல் சுற்றிய கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, பின்னலைப் பிடிக்கக் குத்தியிருக்கும் குண்டூசிகளைத் தலைவரை அழுத்திவிட வேண்டும். கட்டைகளைக் கட்டினேன். அவசரத்தில் ஊசிகளை மறந்துவிட்டேன்.

குடித்திருந்த ஒருவன் வந்தான். "ஏட்டி, தலகாணிக்கு ஒரு சீட்டா?"

"அண்ணே, ஊசி இருக்கு, தொடாதிய. எடுத்துருதேன்."

"தலகாணியில ஊசியாம்ல!" சிரித்தபடியே தலையணையை ஓங்கிக் குத்தினான். விரலெல்லாம் ரத்தம். உடனே என்னை அறைந்தான். பாப்பாவின் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. அவள் அலறியதும் தலையணையைத் தூக்கி அவன் முகத்தில் இடித்தேன். மறுபடியும் இடித்தேன். கண்டக்டர் பிடுங்கும்வரை நிறுத்தவில்லை.

ராஜபாளையத்தில் அவனை இறக்கிவிட்டார்கள். "செட்டியார்பட்டிக்குத்தான டிக்கெட் எடுத்த? வாரேன்ட்டி" என்று கீழே நின்று கத்தினான்.

பாப்பாவின் நெற்றி வீங்கியிருக்கிறது. தலையணையைக் கதவோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். ஊசிகளை இன்னும் அழுத்தவில்லை.

சீக்கிரம் பதில் போடுங்க.