எழுபத்திரண்டாம் எழுத்தில் வெட்டிய வரி

மே 6, பிஷ்கேக்
கணினி எடிட்டரில் நீள வரி திரைக்கு வெளியே ஓடினால் எனக்கு ஆகாது. எழுபத்திரண்டு எழுத்தில் மடங்கும்படி வைத்துவிட்டேன். கண்ணுக்கு என்ன சுகம்! மேய்ப்பர்களுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகும் வானிலைக் கோப்பையும் அதிலேயே திருத்தி அனுப்பினேன்.

மே 9
மலையில் பனிப்புயல். ‘கணவாய் திறந்திருக்கிறது’ என்பது வரைக்கும்தான் செய்தி போயிருக்கிறது. ‘மதியத்துக்குமேல் புயல், மந்தையை ஏற்றாதீர்கள்’ என்ற மிச்சம் போகவே இல்லை. எஸென்கான் என்கிற மேய்ப்பருக்கு நாற்பது ஆடு செத்துப்போச்சு.

செய்தி அனுப்பும் நிரலை எழுதியவள் என்னோடு வேலை பார்க்கும் புருல். மேலாளர் சுயுன்பெக் அண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினார்: “கண்ணை எங்கம்மா வெச்சிருந்தே?”

மே 10
நான்தான்.

பார்வைக்கு மட்டும் மடிப்பது வேறு, கோப்பிலேயே வரியை வெட்டுவது வேறு. நான் வெட்டுகிற அமைப்பைப் போட்டுத் தொலைத்திருக்கிறேன். ஒரு வரி ஒரு செய்தி என்றுதான் புருலின் நிரலுக்குத் தெரியும். பாதி வரியை அனுப்பிவிட்டு மீதியைத் தள்ளிவிட்டது.

யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் சரிசெய்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லல? வாய் வரல, அவ்வளவுதான்.

மே 11
புருல் ஒரே வரியை நாலு தடவை சரிபார்க்கிறாள்.

மே 13
எஸென்கானிடம் மன்னிப்பு கேட்கப் புருல் கிளம்பினாள். வண்டி நான் ஓட்டினேன் — அதையாவது செய்வோம் என்று.

மனுஷர் மிஞ்சின ஆட்டில் ஒன்றை எங்களுக்காக அறுத்துவிட்டார். பெரிய விருந்தாளிக்கு வைக்கும் தொடை எலும்பை என் தட்டில் வைத்தார். “தப்பு பண்ணவ நேர்ல வந்ததே பெரிசு. அவளைத் தனியா விடாம கூட வந்தே பாரு தம்பி, நீ மனுஷன்!”

புருலும் தலையாட்டினாள்.

தின்றேன். ச்சீ! எப்படி இறங்கிச்சு எனக்கு?

மே 14
புருலிடம் சொல்லிவிட்டேன்.

“அந்த எலும்பை உறிஞ்சி வேற தின்னியே.” பிறகு, “அண்ணன்கிட்ட நீயே சொல்லு. எல்லார் முன்னாடியும்.”

சொன்னேன். காது இன்னும் எரிகிறது.

மே 17
தனியாக மலைக்குப் போனேன். எஸென்கான் கூடார வாசலில் நின்றே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். உள்ளே கூப்பிடவில்லை. ரொட்டியை மட்டும் எடுத்து வந்து நீட்டினார்.

“பிச்சுக்கோ. வாசல் வரைக்கும் வந்தவனை வெறும் வாயோட அனுப்பற பழக்கம் எங்களுக்கு இல்ல.”

பிய்த்து வாயில் போட்டேன். நான் விழுங்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.