முழுப் பெயரில் வந்த பார்சல்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நீ அனுப்பிய பார்சல் ஆபீசுக்கு வந்தது. அதிலிருந்த என் முழுப் பெயரை வரவேற்பில் இருக்கும் பெண் தட்டுத்தடுமாறிப் படித்து, "இப்படி ஒரு பேர்ல யாராவது இருக்கீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்ன வயதில் இந்த நாட்டுக்கு வந்து பள்ளியில் சேர்ந்ததிலிருந்து வெளியில் எனக்குப் பாதிப் பெயர்தானே. நானும் கூடச் சிரித்துவிட்டேன் அம்மா.

மதியம் சோறு இறங்கவில்லை. அவளிடம் போய், "அது என் பேர்தான்" என்றேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் கூனிக் குறுகிப் போனேன்.

ஸ்வெட்டர் அளவாக இருக்கிறது. நீயும் அப்பாவும் ஊருக்குத் திரும்பிய பிறகு இங்கே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ஞாயிறு போன் பேசும்போது முழுசாகக் கூப்பிடு. வேலைக்கு நேரமாகிவிட்டது. அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே. தேடித் தேடிப் பெயர் வைத்தவர் அவர்.

உன் மகள்