இடது கைக்கு வளையல்

சித்தூர், மே 18, ஞாயிறு

மகளுக்கு இன்று வளைகாப்பு. வளையல்காரம்மா என் வலது கை நிறைய வளையல் அடுக்கிவிட்டு இடது கையைப் பிடித்தாள். மார்பில் ஆபரேஷன் செய்த பக்கம் அது. இறுக்கமாக எதையாவது போட்டால் கை வீங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சம்பந்தி வீட்டார் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கையை இழுத்துக்கொண்டேன்.

"ஒரு கை நெறைய போட்டுக்கினு இன்னொரு கைய சும்மா உட்டா எப்படிம்மா? நல்ல நாளும் அதுவுமா!"

பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் கையை நீட்டினார்.

"அந்தக் கைக்கு உண்டானத எனக்குப் போடும்மா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஒரே ஒரு பச்சை வளையல் எப்படியோ அவர் கையில் ஏறிவிட்டது.

இப்போது சோப்புப் போட்டும் கழலவில்லை. உடைக்கவும் விடமாட்டேன் என்கிறார். நாளைக்கு ஆபீசில் என்ன சொல்வாராம்?