தோளுக்கு மேலே கை போகக்கூடாது

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். ஒப்புக்கு எழுதவில்லை, நிஜமாகவே நலமாக இருக்கிறேன், அது உங்களுக்குத் தெரிய வேண்டும். போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் இறங்கி வந்துவிடுவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பதினான்காம் தேதி கோர்ட் விசாரணையில், என் காதில் அடிபட்டது விளையாட்டில்தான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள் பிள்ளையின் வேலையும் விசாவும் தப்பிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். “அடிக்கிற கைதான் அணைக்கும். அந்த ஊர்ல உன்னைக் கேக்க நாதி ஏது? அவனையும் விட்டுட்டு என்ன பண்ணப் போற?” என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று முறை படித்தேன். என் காது எப்படி இருக்கிறது என்று எங்கேயும் கேட்கவில்லை.

அவன் என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் அத்தை மகனை அப்படித்தான் கூப்பிட்டேன். நடுவில் நான்கு வருடம் ‘அவர்’ என்றேன். அதற்குத் தகுதி இல்லை என்று தெரிந்ததும் பழையபடிக்கே வந்துவிட்டேன்.

நான் ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். பெரிய கட்டில் விரிப்பை ஒருத்தி மட்டும் மடிக்க முடியாது. ஒரு முனையை நானும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்து, இழுத்து உதறி, நடந்து வந்து சேர்த்து மடிக்க வேண்டும். அவளை நான் மறுமுனைக்காரி என்றுதான் சொல்லுவேன். ஒரு வருடம் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. யாரோடும் பேசக்கூடாது என்பது உங்கள் பிள்ளையின் உத்தரவு. ஒருநாள் அவள், “இந்த இழுப்பு இழுக்கிறியே, எங்க டீமுக்கு வாயேன்” என்றாள். அதுதான் ரக்பி. முட்டை மாதிரி ஒரு பந்தை வைத்துக்கொண்டு பதினைந்து பெண்கள் ஒரு பக்கம், பதினைந்து பெண்கள் மறுபக்கம், மோதிக்கொள்கிற விளையாட்டு. சனிக்கிழமை காலை ஓவர்டைம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் நாள் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் நான் கபடி ஆடியவள். பந்தைக் கையில் கொடுத்து ஓடு என்றார்கள். ஓடினேன். எதிரே வந்தவளின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி எங்கள் பக்கத்துக்கே ஓடி, கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டு, ஒரு பாயிண்ட் கிடைக்கும் என்று பெருமையாக நின்றேன். மைதானமே சிரித்தது. ஒருத்தி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாக எப்போது சிரித்தேன் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘திரும்பி வந்தவள்’. யாராவது பந்தோடு தப்பான பக்கம் போனால், என்னைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள்.

அணைக்கிற கை என்று எழுதினீர்கள். இங்கே கட்டிப்பிடித்துத்தான் சாய்க்கிறார்கள் அத்தை. சாய்த்தவளே கை கொடுத்துத் தூக்கிவிட்டு, வலிக்கிறதா என்று கேட்கிறாள். தோளுக்கு மேலே கை போகவே கூடாது. கழுத்திலோ முகத்திலோ கை பட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், கை வைத்தவளை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். முதல் வாரம் இந்த விதியைச் சொன்னபோது நான் மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். மொழி புரியவில்லை என்று நினைத்தார்கள்.

இனி உங்கள் பிள்ளைக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கேப்டன் பஸ் ஓட்டுகிறவள். டிப்போவிலிருந்து வண்டியை எடுக்கும் முன்னால், சுற்றி வந்து எங்கே கீறல், எங்கே நசுங்கல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டுமாம். இல்லாவிட்டால் பழைய நசுங்கலும் இவள் தலையில் விழும். அந்தப் பழக்கத்தில், பயிற்சிக்கு முன்னால் எங்களையும் வரிசையாக நிறுத்திப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவாள். என் பெயருக்கு எதிரே ஒன்பது சனிக்கிழமை தேதி போட்டு எழுதியிருக்கிறாள்: “மேல் கையில் நான்கு விரல் தடம், வரும்போதே இருந்தது.” “கழுத்தில் கன்றல், வரும்போதே இருந்தது.” அவள் என்னை எதுவும் துருவிக் கேட்டதில்லை. ஒருநாள் மட்டும், “நீ எப்போ சொன்னாலும் நாங்க இருக்கோம்” என்றாள்.

என் ஷூவில் சேற்றைப் பார்த்த அன்றுதான் உங்கள் பிள்ளை காதோடு சேர்த்து அறைந்தான். திங்கட்கிழமை இயந்திரத்தின் மணி எனக்குக் கேட்கவில்லை. விரிப்பைப் பாதியில் போட்டுவிட்டு மறுமுனைக்காரி என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். வலது கைக்காரன் எதிரே நின்று அறைந்தால் இடது காதின் ஜவ்வுதான் கிழியும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைக்கச் சொல்கிறீர்கள்?

அதனால் அந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். அவன் வேலை போகட்டும், விசா போகட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்கட்டும், ஊர் ஏன் என்று கேட்கட்டும். எனக்குக் கொஞ்சமும் பரிதாபம் வரவில்லை. அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டு படுத்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்குத் தேவையில்லை, ஆனாலும் வேண்டும் என்றேன். நான் தமிழில்தான் சொல்லப் போகிறேன். என்ன சொல்லி அடித்தானோ, அதை அப்படியே அவன் காதில் விழும்படி சபையில் வைத்துச் சொல்லப் போகிறேன். எனக்குப் பின்னால் பதினான்கு பெண்கள் லீவு போட்டுவிட்டு வந்து உட்காரப் போகிறார்கள். கேப்டன் வேலை நேரத்தை மாற்றி வாங்கிவிட்டாள். கேட்க நாதி இல்லை என்றீர்களே, அன்றைக்கு அவன் திரும்பிப் பார்த்து எண்ணிக்கொள்ளட்டும்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. மூன்று முறை போனில் சொன்னேன். மூன்று முறையும், “ஆம்பளைன்னா கை நீளத்தான் செய்யும்” என்றீர்கள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். தம்பி பெற்ற பெண்ணுக்காக உங்கள் சதை ஏன் ஆடவில்லை என்று நான் பல நாள் நினைத்து நினைத்துப் பொருமினேன்.

போன வாரம் அப்பாவிடம் ஒன்று கேட்டேன். உங்களுக்கும் இடது காதுதான் கேட்காது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டீர்கள். சின்ன வயதில் ஜுரத்தில் போனது என்றுதான் எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அப்பாவுக்கு அப்படி ஒரு ஜுரம் நினைவிலேயே இல்லை. “தபால்காரர் சைக்கிள் மணி தெருமுனையில கேட்டாலே முதல்ல ஓடுறவ அக்காதான், கல்யாணத்துக்கு முதல் நாள் வரைக்கும்” என்றார்.

மாமா இறந்து ஆறு வருடம் ஆகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை, மாத்திரையை விடாதீர்கள். உங்கள் பிள்ளைக்காக இனி எனக்கு எதுவும் எழுத வேண்டாம். அந்த ஜுரம் எந்த வருடம் வந்தது என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
மருமகளாக அல்ல,
உங்கள் தம்பி மகளாக மட்டும்.